ஒரே நோய்க்கு ஏன் பல மாத்திரை?



பேராக் மாநிலத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட ஓர் இடத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர்களாகப் பணியாற்றுகிறோம் நாங்கள். இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள், உங்கள் வீட்டில் ஐஸ் பெட்டியின் மேலோ சாமி மேடை ஓரத்திலோ இருக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் பையைப் பற்றியது. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த இனிப்புநீர் மாத்திரைப் பைதான் அது.

வீட்டுக்கு வீடு என்று நாங்கள் சொல்வது மிகையன்று. நம் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர்களில் 100க்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 31 பேர். அதாவது நம் பெரியவர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால், அவர்களில் மூவருக்கு இனிப்புநீர் இருக்கும்.

இந்தப் பேச்சை எழுத எங்களைத் தூண்டியது எங்கள் பள்ளி வாசலில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. மணி அடிக்கச் சிறிது நேரமே இருந்தது. பேத்தியைப் பள்ளியில் விட வந்த ஒரு பாட்டி, மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, கைகளில் நடுக்கம். "என்ன பாட்டி செய்யுது?" என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னார். கூடியவர்களில் ஒருவர், "காத்து பட்டிருக்கும்" என்றார். இன்னொருவர் திருநீறு எடுக்க ஓடினார். எங்களோடு பணிபுரியும் ஓர் ஆசிரியையின் தாயாருக்கு நெடுநாளாக இனிப்புநீர் உண்டு. அவர் மட்டும் நிலைமையைப் புரிந்துகொண்டார். சிற்றுண்டிச்சாலையிலிருந்து மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து, பாட்டியால் விழுங்க முடிகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் பாட்டி தெளிந்து, பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனாலும் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம். மறுநாள்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

என்ன நடந்தது என்று பின்னர் விசாரித்தோம். பாட்டிக்குக் கிளினிக்கில் கொடுத்தது ஒரு மாத்திரை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தது வேறொரு மாத்திரை. அந்த அம்மா, "எனக்கு இதுல நல்லா எறங்கிருச்சு, நீங்களும் போட்டுப் பாருங்கக்கா" என்று அன்போடு இரண்டைக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் கிளினிக்கில் இரத்தம் எடுப்பார்கள், அதற்குள் அளவைக் குறைத்துவிடலாம் என்று பாட்டி இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். அன்றோ வெள்ளிக்கிழமை விரதம். வாயில் ஒன்றும் படவில்லை.

பாட்டி எங்களிடம் கேட்ட கேள்வி இதுதான்: "சீனி மாத்திரைன்னா எல்லாம் ஒண்ணுதானே, சார்?"

நேயர்களே, ஒன்றல்ல. ஒவ்வொன்றும் உடலில் ஒவ்வோர் இடத்தில் வேலை செய்கிறது. எந்த மாத்திரை எந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டால், அதை எப்படிச் சாப்பிட வேண்டும், ஏன் மாற்றிக்கொள்ளக் கூடாது, ஏன் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, மீ, கிழங்கு எல்லாம் குடலில் கரைந்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கிறது. இரத்தத்தைத் தோட்டத்துச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அந்தச் சாலையில் வரும் அரிசி மூட்டை. நம் தசைகள், இருமருங்கும் உள்ள லயன் வீடுகள். மூட்டை வீட்டுக்குள் போனால்தான் அடுப்பு எரியும். நமக்குத் தெம்பு வரும். ஆனால் வீட்டுக் கதவுகள் பூட்டியிருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவியின் பெயர்தான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்புறம் இருக்கும் கணையம் என்னும் உறுப்பு இந்தச் சாவியைச் செய்கிறது.

தோட்டத்தில் ஒரு ஸ்டோர் இருப்பது போல, உடலில் கல்லீரல் இருக்கிறது. சாப்பிட்டபின் மிஞ்சும் சர்க்கரையை அது சேமித்து வைக்கும். நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பும். "இப்போது சாலையில் மூட்டை நிறைய இருக்கிறது, நீ அனுப்பாதே" என்று ஸ்டோருக்குச் சொல்வதும் இன்சுலின்தான்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை இனிப்புநீரில் மூன்று கோளாறுகள் சேர்ந்து வருகின்றன. ஒன்று, பூட்டுகள் துருப்பிடித்துவிடுகின்றன. சாவி இருந்தும் கதவு எளிதில் திறப்பதில்லை. இரண்டு, அதற்கு ஈடுகொடுக்கக் கணையம் மேலும் மேலும் சாவி செய்து, ஆண்டுகள் செல்லச் செல்லக் களைத்துப்போகிறது. மூன்று, இன்சுலினின் கட்டளை ஸ்டோரின் காதில் விழுவதில்லை. அது இரவெல்லாம் மூட்டைகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலையே, காலையில எப்படி ஒன்பது காட்டுது?" என்று பலர் கேட்பதற்குப் பதில் இதுதான். அந்தச் சர்க்கரை இரவுச் சாப்பாட்டிலிருந்து வந்ததல்ல, கல்லீரலிலிருந்து வந்தது.

இனி மருந்துகளுக்கு வருவோம்.

முதலாவது மெட்பார்மின். நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுப்பது இதுதான். இது கல்லீரலில் வேலை செய்கிறது. ஸ்டோரின் கதவை ஓரளவு சாத்தி, வெளியே வரும் சர்க்கரையைக் குறைக்கிறது. புதிதாகச் சாவி செய்யும்படி கணையத்தை இது விரட்டுவதில்லை. ஆகவே மெட்பார்மினை மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அரிது. வயிற்றைப் புரட்டும், சிலருக்குப் பேதியாகும் என்பதால்தான் இதைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் போடச் சொல்கிறார்கள். பையின் மேல் 'செலெபாஸ் மாக்கான்' என்று எழுதியிருந்தால் சாப்பாட்டுக்குப் பின் என்று பொருள். 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன். படிக்கத் தெரியாத பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். அதற்காகவும்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்!

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம், பச்சிலையே போதும்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. மெட்பார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் பழங்காலத்திலிருந்து மருந்தாகப் பயன்பட்ட ஒரு செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் ஒன்று இருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த பொருள்களைப் பரிசோதனைக்கூடத்தில் செய்து பார்த்ததில் கிடைத்ததே மெட்பார்மின். 1957ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் இதை இனிப்புநீர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். செடியில் இருந்ததற்கும் மாத்திரையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வைத்திருப்பதுதான்.

இந்த மாத்திரையைப் பற்றி நம் மக்களிடையே ஒரு பெரும் பயம் இருக்கிறது. "மாத்திரை தின்னாக் கிட்னி போயிரும்" என்கிறார்கள். பத்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்ட ஒருவர் பிறகு டயாலிசிஸுக்குப் போவதைப் பார்க்கிறோம்; ஆகவே மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டுகிறோம். சிறுநீரகம் என்பது இரத்தத்தை வடிகட்டும் மெல்லிய சல்லடை. ஆண்டுக்கணக்கில் அதன் வழியே மிகுந்த சர்க்கரையோடு இரத்தம் ஓடினால் சல்லடை பழுதாகிறது. உயர்ந்த இரத்த அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் விரைவில் பழுதாகும். நம் நாட்டில் டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் மிகப் பலரை அங்கே கொண்டு சேர்ப்பது அடங்காத இனிப்புநீரே. மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானால் இந்த மருந்து உடலைவிட்டு வெளியேறாமல் தேங்கும். அதனால்தான் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்த்து, மருத்துவர் அளவைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். மாத்திரைக்குப் பயந்து அதை நிறுத்துபவர், எந்தக் கிட்னியைக் காப்பாற்ற நினைத்தாரோ அதையே இழக்க வழி தேடுகிறார்.

இரண்டாவது வகை, கணையத்தில் வேலை செய்யும் மாத்திரைகள். கிளிபென்கிளமைட், கிளிகிளசைட் என்பவை இவ்வகையில் நம் கிளினிக்குகளில் அறிமுகமானவை. இவை கணையத்தைத் தட்டியெழுப்பி, "இன்னும் சாவி செய்" என்று வேலை வாங்குகின்றன. சர்க்கரை நன்றாக இறங்கும். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. சாலையில் மூட்டை வந்திருக்கிறதா இல்லையா என்று இந்த மாத்திரை பார்ப்பதில்லை. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையம் சாவியை அனுப்பிக்கொண்டே இருக்கும். இருக்கும் கொஞ்சச் சர்க்கரையும் வீடுகளுக்குள் போய்விட, சாலை காலியாகிவிடும். மூளைக்கோ வேளை தவறாமல் சர்க்கரை வந்துகொண்டிருக்க வேண்டும். அது கிடைக்காதபோதுதான் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம், முடிவில் மயக்கம்.

இம்மருந்தின் பிறப்பே இந்த மயக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டில், பிரான்ஸ் நாட்டின் மோம்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர், டைபாய்டு காய்ச்சல் நோயாளிகளுக்குக் கிருமியைக் கொல்லும் ஒரு புது சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகளில் சிலர் எதிர்பாராமல் நினைவிழந்தார்கள். ஆராய்ந்தபோது, மருந்து அவர்களுடைய இரத்தச் சர்க்கரையை இறக்கியிருந்தது தெரிந்தது. அதே நகரத்து அறிஞர் ஒகுஸ்த் லுபாத்தியேர், மருந்து கணையத்தைத் தூண்டுவதே காரணம் என்று கண்டறிந்தார். அந்த வழியில் வந்தவைதாம் இன்றைய மாத்திரைகள். எங்கள் பள்ளி வாசலில் பாட்டிக்கு நேர்ந்ததும் மோம்பெலியேயில் நடந்ததும் ஒரே காரணத்தால் விளைந்தவை.

சீனித் தண்ணீர் குடித்துத் தெளிந்த பாட்டியை ஏன் ஓர் இரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள் என்பதும் இப்போது விளங்கும். சீனித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மாத்திரையோ மணிக்கணக்கில் கணையத்தை விரட்டிக்கொண்டிருக்கும். முதுமையில் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். தெளிந்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினால், தூக்கத்திலேயே மறுபடியும் இறங்கிவிடக் கூடும்.

ஆகவே இந்த வகை மாத்திரைக்கு ஒரே சட்டம்: சாப்பாடு இல்லையென்றால் மாத்திரை இல்லை. விரதம் இருப்பவர்கள், குனோங் சீரோ மலைக்கோயில் தைப்பூசத்துக்கு நாள்கணக்கில் ஒருவேளை உணவோடு நோன்பு நோற்பவர்கள், முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லுங்கள். மருத்துவர் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார். கடவுள் காரியத்தை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் பசியாறாமல் இந்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகக் கூடாது. சட்டைப் பையில் நான்கு இனிப்பு மிட்டாய் இருக்கட்டும்.

மூன்றாவது, குடலோடு தொடர்புள்ள மருந்துகள். அகார்போஸ் என்பது சோறு சர்க்கரையாகக் கரையும் வேகத்தைக் குறைக்கிறது. முதல் வாய்ச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். வயிற்றில் காற்று சேரும். கிளிப்டின் என்று முடியும் பெயருள்ள மாத்திரைகளின் வழி வேறு. உணவு வந்ததும் குடல், "சாப்பாடு வருகிறது, தயாராக இரு" என்று கணையத்துக்கு ஒரு சேதி அனுப்புகிறது. அந்தச் சேதியை உடலே சில நிமிடங்களில் அழித்துவிடும். இந்த மாத்திரை அது அழியாமல் காக்கிறது. சாப்பிட்டால்தான் சேதி, சேதி வந்தால்தான் சாவி. ஆகவே இது மட்டும் சாப்பிடுபவருக்கு மயக்கம் வருவது அரிது.

நான்காவது, சிறுநீரகத்தில் வேலை செய்யும் புதிய மாத்திரைகள். எம்பாகிளிபுளோசின், டப்பாகிளிபுளோசின் என்பவை அவை. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது அதிலுள்ள சர்க்கரையும் வெளியே வருகிறது. அதை வீணாக்கக் கூடாதென்று உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இம்மாத்திரை உறிஞ்சும் வாய்க்காலை ஓரளவு அடைத்து, மிகுதிச் சர்க்கரையைச் சிறுநீரோடு போகவிடுகிறது. இவற்றைச் சாப்பிடுபவருடைய சிறுநீரைச் சோதித்தால் சர்க்கரை இருக்கத்தான் செய்யும். பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இவை பாதுகாப்பு அளிப்பதாக அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சிறுநீர் போகும் இடத்தில் அரிப்பும் புண்ணும் வரலாம். சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், வந்தால் வெட்கப்படாமல் தாதியிடம் சொல்லுங்கள். கடும் காய்ச்சல், வாந்தி, பேதி என்று படுத்து உணவும் தண்ணீரும் இறங்காத நாளில், இந்த மாத்திரையையும் மெட்பார்மினையும் தொடரலாமா என்று உடனே கிளினிக்கில் கேளுங்கள்.

கடைசியாக இன்சுலின் ஊசி. "ஊசி போடச் சொல்லிட்டாங்க, இனி அவ்வளவுதான்" என்று அழுதவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஊசியில் இருப்பது வேறொன்றுமில்லை. நம் உடல் செய்ய வேண்டிய அதே சாவிதான். 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்ற இருவரும் இதைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில், சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவன் இந்த ஊசியால் பிழைத்தான். ஆகவே இது சாவுக்கு முந்திய மருந்தல்ல. சாவிலிருந்து மீட்ட மருந்து. பல ஆண்டுகள் உழைத்துக் களைத்த கணையத்தை எவ்வளவு தட்டினாலும் சாவி வராத நிலையில், சாவியை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். திறக்காத இன்சுலினை ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையும் பகுதியில் வைத்தால் கெட்டுவிடும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்.

இப்போது பாட்டியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பாட்டியின் மாத்திரை ஸ்டோர்க் கதவைச் சாத்துவது. பக்கத்து வீட்டு அம்மாவின் மாத்திரை கணையத்தை விரட்டுவது. ஒரே நோய்தான், பழுதான இடங்கள் பல. ஒருவருக்கு மூன்று வகை மாத்திரை கொடுத்தால் நோய் மும்மடங்கு முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம். மூன்று இடங்களைச் சீர்செய்கிறார்கள் என்று கொள்ளுங்கள்.

"அளவு சரியாயிருச்சு, இனி நிறுத்திடலாமா?" என்றும் கேட்கிறார்கள். லாலாங் புல்லை வெட்டிவிட்டால் தரை சுத்தமாகத்தான் தெரியும். வேர் உள்ளேதான் இருக்கிறது. அளவு சரியாக இருப்பது மாத்திரையால், நிறுத்தினால் ஏறிவிடும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியவை.

கிளினிக் போவதற்கு முதல் நாள் மட்டும் சோற்றைக் குறைப்பவர்களுக்கும் ஒரு சொல். விரல் நுனியில் குத்திப் பார்ப்பது ஒருநாள் தேர்வு. எச்.பி.ஏ.ஒன்.சி என்ற பரிசோதனையோ வருகைப் பதிவேடு மாதிரி; கடந்த இரண்டு மூன்று மாதமும் சர்க்கரை எப்படி இருந்தது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும், பதிவேட்டை ஏமாற்ற முடியாது!

பூட்டின் துருவைப் போக்கும் மருந்து ஒன்றும் நம் கையிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 500க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நடையும் உணவு ஒழுங்கும், நோய் வரும் வாய்ப்பைக் கால் பங்குக்கு மேல் குறைத்தன. மெட்பார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைத்தது. நம் பாட்டன்மார் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியைச் சுமந்தார்கள். தசை உழைத்தபோது சாலையில் மூட்டை தேங்கவில்லை. இன்று நடை போய்விட்டது. அதே சோறும், பால் கலந்த இனிப்புத் தேநீரும் தங்கிவிட்டன. நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு நடை, மாத்திரைக்கு மாற்று ஆகாது. ஆனால் மாத்திரைக்கு நல்ல துணை.

முடிவாக, வீட்டில் செய்ய வேண்டிய மூன்று காரியங்கள். ஒவ்வொருவர் மாத்திரைக்கும் தனித்தனி டப்பா வைத்து, அவரவர் பெயரை எழுதி ஒட்டுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வியர்த்து நடுங்குபவரைக் கண்டால், அவர் விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் மட்டும் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அகார்போஸ் சாப்பிடுபவராக இருந்தால் சீனி மெதுவாகவே கரையும், கடையில் விற்கும் குளுக்கோஸ் மாவைக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999க்குக் கூப்பிடுங்கள்.

அந்தப் பாட்டி இன்றும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பேத்தி இப்போது நான்காம் ஆண்டில் படிக்கிறாள். பாட்டியின் மாத்திரை டப்பாவில், "பாட்டிக்கு மட்டும். சாப்பிட்ட பிறகு" என்று தன் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் இன்றைக்கே ஒரு பேனாவைக் கொடுங்கள், நேயர்களே.